கதை எழுதுகிறவனுக்கு எழுத்து போதாதா?

2024 நவம்பர் 10, காலை 7.40
பல்லடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது:

அக்கா, ஆறு வருசமாகச் சிறுகதை எழுதுகிறேன். தறிக் குடோனில் வேலை, பன்னிரண்டு மணி நேர சிப்ட். மிச்ச நேரத்தில்தான் தூக்கம், சாப்பாடு, எழுத்து எல்லாம். இந்த வருசம் ஒரு கதைகூட முடியவில்லை. போன வாரம் ஒரு கூட்டத்தில் பேசியவர், எழுத்தாளனுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தால்தான் கற்பனை ஊறும், தோட்டம் போடுங்கள், படம் வரையுங்கள் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதுகிறவனுக்கு எழுத்து போதாதா? இருக்கிற ரெண்டு மணி நேரத்தையும் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவிட்டால் கதையை யார் எழுதுவது? நீங்கள் குளத்துக்குப் பறவை பார்க்கப் போவீர்கள் என்று தெரியும். அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

2024 நவம்பர் 10, இரவு 9.15

கோபம் நியாயமானதுதான் தம்பி. பன்னிரண்டு மணி நேரம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவரிடம் படம் வரையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்குப் பறவை பார்ப்பது உதவியது. திருப்பூரில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன், வாரத்தில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நஞ்சராயன் குளம். 2017இல் தொடங்கியது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பத்துப் பறவைகளின் பெயர் எழுதிவரச் சொன்னார்கள். காக்கை, மைனா, கிளி, மயில், கொக்கு, புறா. ஆறோடு நின்றுவிட்டேன். காங்கேயத்துப் பக்கம் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வயதில் முப்பது பெயராவது தெரியும். எல்லாம் எங்கே போனது என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. அந்த ஞாயிறே மகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். அவளுக்கு ரெண்டு வாரத்தில் சலித்துவிட்டது. நான் விடவில்லை.

பறவை பார்க்கப் போனதால் எழுத விசயம் கிடைத்தது. இதுதான் என் பதில்.

2024 நவம்பர் 12

மேலே உள்ள கடைசி வரியைத் திரும்பப் படித்தேன். அது சரியில்லை. விசயம் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். 2018இல் குளத்தை வைத்து ஒரு கதை எழுதினேன். அதில் பதினோரு பறவைப் பெயர் வரும். கூழைக்கடா அலகால் தண்ணீரை அள்ளுவதற்கு முக்கால் பக்கம். கதையில் வருகிற பெண்ணின் வீட்டுக்காரர் ஏன் வீட்டை விட்டுப் போனார் என்பதற்கு ஒரே வரி. ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன், 'மனிதர்களைக் காணோம்' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள். அப்போது அழுகையாக வந்தது. இப்போது எடுத்துப் படித்தால் அவர்கள் சொன்னதுதான் சரி.

அதற்கப்புறம் ஏழு கதை எழுதினேன். ஒன்றில்கூடக் குளம் வராது, பறவை வராது. ஆனால் ஏழும் குளத்தால் வந்தவை. எப்படி என்று ஞாயிற்றுக்கிழமை போய் வந்து எழுதுகிறேன். இப்போது சோறு வடிக்க வேண்டும்.

2024 நவம்பர் 17

இன்றைக்கு நோட்டில் எழுதி வந்தது:

காலை 6.35 முதல் 8.20 வரை. மேகமூட்டம், காற்று இல்லை. நாமக்கோழி 140 போல. முக்குளிப்பான் 9. நத்தைக்குத்தி நாரை 22. கூழைக்கடா 6. நீர்க்காகம் நிறைய, எண்ணவில்லை. கானாங்கோழி 1, சத்தம் மட்டும்.

இந்தக் குளத்தைத் தெரியாதவர்களுக்கு: ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையத்துப் பக்கம் இருக்கிறது, நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம். 2022இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், இந்த வருசம் ஆகஸ்டில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். தை மாதம் வாக்கில் சைபீரியாவிலிருந்து வரித்தலை வாத்து வரும்.

அங்கே ஒரு வாத்தியார் இருக்கிறார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் தண்ணீரோரம் ஓடிய ஒரு சின்னப் பறவையைக் காட்டி, "அது என்னங் சார்?" என்று கேட்டேன். அவர் பெயர் சொல்லவில்லை. "அது என்ன பண்ணுதுங்க?" என்று திருப்பிக் கேட்டார். "ஓடுதுங்க" என்றேன். "எப்படி ஓடுது?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அரை மணி நேரம் அதையே பார்க்க வைத்தார்.

பார்த்தபோது தெரிந்தது. அது நிற்கும்போதும் நடக்கும்போதும் இடுப்புக்குப் பின்னால் உடம்பே மேலும் கீழும் ஆடுகிறது. அப்புறம் பக்கத்திலேயே இன்னொன்று வந்து இறங்கியது, அதே அளவு. அதற்கு வால் மட்டும்தான் ஆடியது. கிளம்பிப் போனபோது முதல் பறவை தண்ணீரை ஒட்டி விறைத்த சிறகோடு படபடத்துப் போனது. இரண்டாவது பறவை அலை மாதிரி ஏறி இறங்கிப் போனது. முதலாவது உள்ளான், இரண்டாவது வாலாட்டி. பெயர் கடைசியில்தான் வந்தது. இன்றைக்கு வரைக்கும் அந்த ரெண்டையும் நான் குழப்பிக்கொண்டதில்லை.

எதிர்வெயிலில் நிறம் தெரியாது, எல்லாம் கருப்பு. தூரத்தில் மூக்கும் தெரியாது, காலும் தெரியாது. எப்படி உட்காருகிறது, எப்படிக் கிளம்புகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் தகைவிலான். அதே மாதிரி வானத்தில் சுற்றும் உழவாரன் கம்பியில் உட்காரவே உட்காராது.

இது எழுத்துக்குள் வந்தது எனக்கே தெரியாமல்தான். முன்பெல்லாம் ஓர் ஆள் கதைக்குள் வந்தால் முகத்தை எழுதுவேன். உருண்டை முகம், நரைத்த மீசை, சோகமான கண்கள். 2019இல் ஒரு டீக்கடைப் பெரியவரை எழுதியபோது முகமே வரவில்லை. தோளில் இருக்கும் துண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார், சமதளத்திலும் மேடு ஏறுகிறவரைப் போல முன்னால் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான் எழுதினேன். கதை வந்த வாரம் ஒருவர் கூப்பிட்டார். "எங்க அப்பாரு இப்படித்தானுங்க நடப்பாரு, பண்ணையத்தை வித்ததுக்கப்பறமும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் எழுதிய எதற்கும் அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டதை இந்தப் பக்கம் எழுது, நினைத்ததை எதிர்ப் பக்கம் எழுது என்பது வாத்தியார் போட்ட விதி. கானாங்கோழியை நான் பார்க்கவில்லை, கேட்டேன். அதனால் 'சத்தம் மட்டும்' என்று போட வேண்டும். கதைக்கும் இப்போது ரெண்டு பக்கம் வைத்திருக்கிறேன். கதையில் வருகிற பெண் என்ன செய்தாள் என்பது ஒரு பக்கம், அவளைப் பற்றி நான் நினைப்பது எதிர்ப் பக்கம். எழுதி முடிக்கும்போது எதிர்ப் பக்கத்திலிருந்து ரெண்டு மூன்று வரிக்கு மேல் இந்தப் பக்கம் வருவதில்லை.

2024 நவம்பர் 18

நேற்று வரித்தலை வாத்து சைபீரியாவிலிருந்து வரும் என்று எழுதியிருந்தேன். வாத்தியார் படித்துவிட்டு ராத்திரியே கூப்பிட்டுவிட்டார். மங்கோலியா, திபெத் பக்கத்து மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டி வருவது அது. வெளியூர்ப் பறவை என்றாலே சைபீரியா என்று சொல்லிப் பழகிவிட்டோம். திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தோன்றியது. கதையில் தப்பு விட்டால் "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வாத்து விசயத்தில் யாரும் அப்படி விடுவதில்லை. நான் சொன்னது தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஆட்கள் எனக்குக் குளத்தங்கரையில்தான் கிடைத்தார்கள்.

2024 நவம்பர் 24

காங்கேயத்திலிருந்து ஒருவர் இட்டேரியைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார். அது இந்தப் பேச்சுக்கு வெளியே போவது போல இருந்தாலும் உள்ளேதான் இருக்கிறது.

அம்மிச்சி வீட்டிலிருந்து தோட்டத்துக்கு இட்டேரி வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வண்டி போகிற அகலம். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. அதன் மேல் கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான் எல்லாம் ஏறிப் படர்ந்து கிடக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கொறங்காடு, கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும், மேய்கிற மாடும். நடுவில் மணல். காலையில் போனால் ராத்திரி எது எது அந்த வழியாகப் போனது என்று மணலைப் பார்த்து அம்மிச்சி சொல்லும். கவுதாரி, கீரி, உடும்பு, பாம்பு. நான் கால் வைத்து அழித்துவிட்டால் திட்டும்.

கரிச்சானுக்கு அம்மிச்சி சொல்லும் பெயர் கருவாட்டுவாலி. "வால் ரெண்டாப் பொளந்து கருவாட்டு வாலாட்டம் இருக்குது பாரு கண்ணு." அந்தச் சொல் எனக்கு முப்பது வருசம் மறந்து போயிருந்தது. 2017 கடைசியில் குளத்துக் கரையில் கம்பியின் மேல் ஒரு கரிச்சானைப் பார்த்தபோது, வாத்தியார் பெயர் சொல்வதற்குள் என் வாயில் கருவாட்டுவாலி என்று வந்துவிட்டது. வாத்தியார் உடனே அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மிச்சியின் சொற்களை எழுத ஆரம்பித்தேன். இப்போது 41 இருக்கிறது, பறவை, செடி, பூச்சி எல்லாம் சேர்த்து. உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வருவதில்லை. அந்தந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தால்தான் அதன் பெயர் வருகிறது.

கதையில் எந்தப் பெயரைப் போடுவது என்று கொஞ்ச நாள் திண்டாடினேன். ஒரு கதையில் எழுபது வயதுக் கிழவி "கரிச்சான் கத்துது" என்று சொல்வதாக எழுதிவிட்டேன். அச்சில் வந்த பிறகு படித்தால் அந்தக் கிழவி புத்தகம் பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது. கிழவிக்குக் கருவாட்டுவாலி. கதை சொல்கிற எனக்குக் கரிச்சான். பனியன் கம்பெனிக்குப் போகிற அவள் பேத்திக்கு ரெண்டும் இல்லை, 'கருப்புக் குருவி'. இந்த மூன்று சொல்லையும் மூன்று பேர் வாயில் வைத்தால் அந்த வீட்டில் ஐம்பது வருசத்தில் என்ன நடந்தது என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

அந்த இட்டேரி இப்போது தார் ரோடு. கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். மணல் இல்லை. அம்மிச்சியும் இல்லை.

2024 டிசம்பர் 1

ஈரோட்டிலிருந்து ஒருவர், பெரிய எழுத்தாளர்கள் யாராவது இப்படி உண்டா என்று கேட்டிருக்கிறார். நிறைய உண்டு. எனக்கு மனசில் நிற்பவர்களை மட்டும் சொல்கிறேன்.

ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய நபகோவ் பட்டாம்பூச்சிக்காரர். 1940களில் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு பட்டாம்பூச்சிகளை வகை பிரித்தவர். தென் அமெரிக்காவின் நீல வண்ணப் பட்டாம்பூச்சிகள் ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாகப் பல அலைகளாக வந்திருக்க வேண்டும் என்று 1945இல் எழுதினார். 2011இல் மரபணுவைச் சோதித்து அவர் சொன்னது சரிதான் என்று வெளியிட்டார்கள். அவர் இறந்து அப்போது 34 வருசம். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துப் பண்ணையில் பிளானரி ஓ'கானர் என்ற அம்மா கூட்டம் கூட்டமாக மயில் வளர்த்தார். கதையிலும் மயில் வரும்.

நம் பக்கத்தில், மொடக்குறிச்சிக்குப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் பிறந்த பெரியசாமித் தூரன். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். அந்த வேலையோடு கீர்த்தனை கட்டினார், கொங்கு நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேர்த்தார். தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் தலைமைப் பொறுப்பு வரை போனவர். ஆபீசுக்கு வெளியே பறவை, காட்டுயிர், பழைய தமிழ் சினிமா. இன்றைக்கு அவர் பெயர் சொன்னால் நமக்கு ஞாபகம் வருவது ஆபீசுக்கு வெளியே செய்ததுதான்.

ஆனால் பல்லடத்துத் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது தாகூரை. கையெழுத்துப் பிரதியில் பிடிக்காத வரியை அடித்துவிட்டுப் போக அவருக்கு மனசு வராது. அடித்த கோடுகளை ஒன்றோடொன்று இழுத்துச் சேர்ப்பார். அது ஒரு மூக்காகும், ஒரு பறவையாகும், பேர் தெரியாத ஒரு மிருகமாகும். அப்படியே போய் அறுபது வயதுக்கு மேல் ஓவியராகிவிட்டார். 1930இல் பாரிசில் கண்காட்சி. வரைந்தது ரெண்டாயிரத்துக்கும் மேல். தனியாக நேரம் ஒதுக்கித் தொடங்கியதல்ல தம்பி, வராத கவிதையின் ஓரத்திலேயே தொடங்கியது.

2024 டிசம்பர் 2

காங்கேயத்துக்காரர் மறுபடியும் எழுதியிருக்கிறார்: "அந்த மயில் வளர்த்த அம்மாவை எங்கள் காட்டுக்கு வரச் சொல்லுங்கள், கடலைக்காய் விதைத்த மூணாம் நாள் காட்டுகிறேன்." வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் அவர் பாடு சிரிக்கிற பாடு இல்லை, எங்கள் மாமா காட்டிலும் இதேதான். விடியற்காலை நாலரைக்குத் தகர டின்னைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பறவை எனக்குச் சந்தோசம், அவர்களுக்கு நஷ்டம். குளத்தைப் பற்றி இனி எழுதும்போது இதை மறக்கக் கூடாது.

2024 டிசம்பர் 15

எனக்கு உதவிய இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வள்ளி கும்மி, வள்ளி முருகன் கதையைப் பாட வட்டமாக நின்று ஆடுவது.

2022இல் எங்கள் ஊர்க் கோயில் மைதானத்தில் பழக்கினார்கள். ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பது வரை, மூன்று மாதம், அப்புறம் அரங்கேற்றம். முன்பு ஆண்கள்தான் ஆடுவார்கள். பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோவைப் பக்கத்து எம். பத்ரப்பன். இந்த 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்தச் சேதி வந்த அன்றைக்கு நாங்கள் கூடப் பழகியவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டோம்.

கும்மியில் பாட்டின் அடி முடிகிற இடத்தில் கால் திரும்ப வேண்டும். மூச்சு தப்பினால் கால் தப்பும். கால் தப்பினால் பின்னால் வருகிறவர் நம்மேல் இடிப்பார். இருநூறு பேர் வட்டத்தில் ஒருத்தி தப்பினால் அந்த இடத்தில் வட்டம் பிதுங்கும். ஆசிரியர் அதை மேடையிலிருந்தே பார்த்துவிடுவார். ஒரு மாதம் ஆடிய பிறகு, எழுதியதைச் சத்தமாகப் படித்தால் எந்த வாக்கியத்தில் மூச்சு தப்புகிறது என்று எனக்கு உடம்பிலேயே தெரிய ஆரம்பித்தது. நீளம் என்று நினைத்த சில வாக்கியங்கள் நன்றாக ஓடின. சின்ன வாக்கியங்கள் சில இடறின.

இதில் கெடுதலும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். அரங்கேற்றத்துக்கு அப்புறம் ஆறு மாதம் நான் எழுதியதெல்லாம் தாளம் போட்டது. எல்லா வாக்கியமும் ஒரே நீளத்தில் வந்து நின்றது. எழவு வீட்டைப் பற்றி ஒரு கதை எழுதினேன், அதிலும் கைதட்டல் கேட்கிறது. மூன்று கதையைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். கும்மியிலேயே நடை மாறும், ஆசிரியர் பாட்டை நிறுத்தி வசனம் பேசுவார், மறுபடி வேகம் பிடிப்பார். அதைக் கவனிக்க எனக்கு இன்னொரு வருசம் ஆனது.

2024 டிசம்பர் 16

கோபியிலிருந்து ஒரு அக்கா: "பொழுதுபோக்கெல்லாம் ஆம்பளைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டில் இட்லி யார் ஊற்றுகிறார்கள்?"

சரியான கேள்வி. இப்போது வீட்டுக்காரர் ஊற்றுகிறார். முதல் வருசம் நான்தான் நாலு மணிக்கு எழுந்து எல்லாம் செய்து வைத்துவிட்டுப் போவேன். குளத்தங்கரையில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் உட்கார்ந்து, இந்த ரெண்டு மணி நேரம் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். ஒரு மாதம் வீட்டில் பேச்சு வார்த்தை சரியாக இல்லை. எழுதப் போகிறேன் என்று கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள், எழுத்தை ராத்திரி எல்லாரும் தூங்கியபின் எழுதிக்கொள் என்பார்கள். குளத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் கிடைத்தது. அக்கா, என் எழுத்துக்குக் குளம் செய்த பெரிய உதவி இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது.

2025 ஜனவரி 5
பல்லடத்துத் தம்பி:

ரெண்டு மாதமாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா. ஒரு சந்தேகம். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் வரும்போதெல்லாம் தூண்டில் போடுவேன், சின்ன வயசிலிருந்தே. எங்கள் மண்டலத்துக்கு முறை வந்தால்தான் தண்ணீர், மற்ற மாதத்தில் காய்ந்து கிடக்கும். மீன் கிடைத்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதையெல்லாம் பொழுதுபோக்கு என்று சொல்லலாமா?

2025 ஜனவரி 5, இரவு

தம்பி, இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா! எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா. உடனே பதில் வேண்டும். தக்கை எதில் செய்வீர்கள்? எந்த மீன் என்று இழுப்பதற்கு முன்னால் தெரியுமா? அப்புறம், முடியாமல் நிற்கிற கதை எந்த இடத்தில் நிற்கிறது?

2025 ஜனவரி 9

தம்பி தனியாக எழுதியதை, அவரைக் கேட்டுக்கொண்டு இங்கே போடுகிறேன்.

"தக்கை மயிலிறகுக் காம்பு. ஜிலேபி கொத்தினால் தக்கை குதிக்கும், முழுகாது. கெளுத்தி என்றால் சாய்ந்து ஒரே போக்காகப் போகும். சில சமயம் தக்கை அமுங்காமல் மேலே வந்து தண்ணீரில் படுத்துக்கொள்ளும். அது மீன் இரையை வாயில் வைத்துத் தூக்குவது. அப்போது அவசரப்பட்டு இழுத்தால் போச்சு. கதை நிற்கிற இடம்: தறியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று அப்பா அம்மாவிடம் சொல்கிறார். அம்மா என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இருபது விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்."

தம்பி, தூண்டிலைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். 2018இல் நான் செய்தது அதுதான். அம்மாவின் பதிலையும் விடுங்கள். குளத்து வாத்தியார் என்னிடம் கேட்டதையே உங்களிடம் கேட்கிறேன். அப்பா சொன்ன அந்த நேரத்தில் அம்மா என்ன பண்ணுதுங்க? கை எங்கே இருக்கிறது? தக்கை படுத்துக்கொள்ளும் என்று எழுதினீர்களே, அந்த ரெண்டு விநாடி நீங்கள் எப்படிக் கையை அசைக்காமல் இருப்பீர்களோ அப்படி அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு இருங்கள்.

2025 ஜனவரி 13

இன்றைக்குக் காப்புக்கட்டு, பொங்கலுக்கு முந்தின நாள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகியாயிற்று. எல்லாம் கடையில் காசு கொடுத்து வாங்கியது. இட்டேரி இருந்த காலத்தில் ஒடித்துக்கொண்டு வருவோம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கட்டைப் பிரித்தபோது ஆவாரங்கொத்தில் ஒரு பச்சைப் புழு இருந்தது. மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று ஆவாரையில் முட்டை வைக்கும். கொத்தோடு சன்னலில் வைத்திருக்கிறேன். அம்மிச்சி இதற்கு என்ன பெயர் சொல்லும் என்று ஞாபகம் வரவில்லை.

2025 ஜனவரி 19

காலை 6.40 முதல் 8.30 வரை. பனி, ஏழரைக்கு மேல் வெயில். வரித்தலை வாத்து 14. கரையோரப் புல்லில் மேய்ந்தன, தலையில் ரெண்டு கருப்புப் பட்டையும் பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது.

முன்னால் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டும். ஏழு கதையும் குளத்தால் வந்தவை என்று எழுதினேன். நேற்று ஏழையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். நாலு அப்படித்தான். ரெண்டில் குளத்தை விடக் கும்மி அதிகம். ஒன்று எதனாலும் இல்லை. அம்மிச்சி இறந்துபோன வாரத்தில் ஒரே ராத்திரியில் வந்தது. அதை எந்தக் கணக்கிலும் நான் சேர்க்கக் கூடாது.

தம்பி கதையை அனுப்பியிருக்கிறார். முடிந்துவிட்டது. அப்பா எடைக்குப் போடலாம் என்கிறார். அம்மா பதிலே சொல்லவில்லை. தறியின் குறுக்கு நூல் சுற்றிய ஊடைக் குச்சியில் மிச்சமிருந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, அறுக்காமல், தீரும் வரை சுற்றிக்கொண்டே இருக்கிறார். அப்புறம் அந்தச் சின்ன நூலுருண்டையை முந்தானையில் முடிந்துகொள்கிறார். நான் தம்பிக்கு எழுதியது ஒன்றே ஒன்று. அதற்குக் கீழே 'அம்மாவின் மனம் கனத்தது' என்று ஒரு வரி இருக்கிறது, அதை எதிர்ப் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள்.

2025 ஜனவரி 22

தம்பி அடுத்த ஞாயிறு சிப்ட் மாறியதால் குளத்துக்கு வருகிறாராம். பைனாகுலர் எது வாங்குவது என்று கேட்டிருக்கிறார். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், வாத்தியாரிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. பின்னால் வாங்குவதானால் 8க்கு 42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிதாக்கிக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் போதும். இட்லி எங்கள் வீட்டிலிருந்து வரும்.